நீதியின் வாயிலில்: பதஞ்சலி சாஸ்திரியார் வாழ்க்கை

பாண்டியன் அவையில் கண்ணகி நீதி கேட்ட காட்சியை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், அவள் அரசன் முன் நிற்பதற்கு முன்பே அவளை எதிர்கொண்டவன் ஒருவன் உண்டு. அவன்தான் வாயிற்காவலன். அவன் உள்ளே சென்று அவள் வந்திருப்பதை அறிவித்தான். அரசன் வரச் சொன்னான். அதன் பின்னரே சிலம்பு உடைந்தது, உண்மை வெளிப்பட்டது. முதலில் ஊர் மன்றத்தில் முறையிட்டாயா, காலம் கடந்து வந்தாயோ, இழப்பு உன்னுடையதுதானா என்றெல்லாம் கேட்டு அக்காவலன் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நமக்கு அந்தக் காப்பியமே கிடைத்திராது அன்றோ!

இன்றைய நீதிமன்றங்களுக்கும் இப்படி ஒரு வாயிற்காவல் உண்டு. யார் பக்கம் நியாயம் என்பது அங்கே கேட்கப்படும் முதற் கேள்வி அன்று. இந்த வழக்கை இந்த மன்றம் கேட்கலாமா என்பதுதான் முதற் கேள்வி. சட்டம் பயிலத் தொடங்கிய முதல் ஆண்டில் எனக்கு இது வறட்டு விஷயமாகத் தோன்றியது. பதஞ்சலி சாஸ்திரியாரின் தீர்ப்புகளைப் படித்த பிறகே, ஏழை மனிதனின் விதி பெரும்பாலும் இந்த வாயிலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்பது விளங்கிற்று. இந்திய உச்சநீதிமன்றத்தின் இரண்டாவது தலைமை நீதிபதி என்று பொதுஅறிவுப் புத்தகங்களில் ஒரு வரியில் அடங்கிவிடும் அப்பெரியாரின் வாழ்க்கையை நம் சங்க நண்பர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவருக்கும் நம் சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கும் உறவு உண்டு என்பது இதற்கு இன்னொரு காரணம்.

அவர் பிறந்தது 1889-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள். சொந்த ஊர் போளூரை அடுத்த மண்டகொளத்தூர். இன்று அது திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. அன்று அது வட ஆர்க்காடு ஜில்லா. அந்த ஜில்லாவின் தலைநகரம் எது தெரியுமா? நம்முடைய சித்தூர்தான்! 1911-இல் சித்தூர் ஜில்லா தனியாகப் பிரியும் வரையில், போளூர்ப் பக்கத்துக் குடியானவனும் ஜில்லா கலெக்டரைக் காண வேண்டுமானால் சித்தூருக்கே வரவேண்டியிருந்தது. எல்லைக் கோடுகள் பின்னால் வந்தவை; மக்கள் முன்னாலேயே இருந்தவர்கள்.

தந்தையார் கிருஷ்ண சாஸ்திரியார் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் வடமொழிப் பண்டிதர். மைந்தர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார், சட்டமும் பயின்றார், 1914-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். மேடைப் பேச்சில் மயக்கும் வழக்கறிஞர் அல்லர். வருமானவரிச் சட்டத்தில் தேர்ந்தவர். கடல் கடந்து வாணிபம் செய்த செட்டிநாட்டார் பலர் அவரிடம் வழக்கு ஒப்படைத்தனர். 1922-இல் வருமானவரி ஆணையருக்கு நிலையான வழக்கறிஞராக அரசாங்கம் அவரை நியமித்தது. பதினேழு ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். வரிச் சட்டம் என்பது சொல்லுக்குச் சொல் எடைபோட்டுப் பார்க்கும் துறை. சட்டத்தில் எழுதியிருப்பதற்கு மேலும் போகக் கூடாது, கீழும் இறங்கக் கூடாது என்ற பழக்கம் அவருக்கு அங்கே படிந்திருக்க வேண்டும். அவருடைய பிற்காலத் தீர்ப்புகளின் பலமும் அதுவே, குறையும் அதுவே என்பது என் கருத்து.

1939 மார்ச்சில் அவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்க 1938-இல் சென்னை மாகாணம் இயற்றிய சட்டத்தின் கீழ் எழுந்த வழக்குகள் பலவற்றை நீதிபதி வாட்ஸ்வொர்த்துடன் அமர்ந்து விசாரித்தார். 1947 டிசம்பரில் டெல்லியிலிருந்த கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டார். 1950 ஜனவரியில் நாடு குடியரசாயிற்று. கூட்டாட்சி நீதிமன்றம் உச்சநீதிமன்றமாயிற்று. அறுபத்தொரு வயதில் சாஸ்திரியார் அதன் முதல் நீதிபதிகளுள் ஒருவராக அமர்ந்தார். அவர் வாழ்வின் உண்மையான பரீட்சை அப்போதுதான் தொடங்கிற்று.

பம்பாயிலிருந்து கிராஸ் ரோட்ஸ் என்ற ஆங்கில வார இதழ் வெளிவந்து கொண்டிருந்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர். இடதுசாரிக் கருத்துடைய அவ்விதழ், அன்றைய அரசாங்கத்தைக் கடுமையாகச் சாடியது. 1950 மார்ச் முதல் நாள், சென்னை அரசாங்கம் பொது அமைதி பேணும் சட்டத்தைக் காட்டி, அவ்விதழ் சென்னை ராஜ்யத்துக்குள் நுழையவே கூடாது என்று தடை விதித்தது. தாப்பர் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போகவில்லை. நேரே உச்சநீதிமன்றத்துக்குப் போனார். அரசியலமைப்புச் சட்டத்தின் 32-ஆவது விதி அதற்கு வழி செய்திருந்தது.

வழக்கின் உள்ளே நுழைவதற்கு முன்பே சென்னை அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞர் வாயிலை மறித்தார். 226-ஆவது விதியின்படி உயர்நீதிமன்றமும் இதே பரிகாரத்தை அளிக்க வல்லது. இரண்டு மன்றங்களுக்கு ஒரே அதிகாரம் இருக்கும்போது கீழ்மன்றத்தை முதலில் நாடுவதே ஒழுங்கு. ஜாமீன் மனுவிலும் குற்ற வழக்குகளின் மறுஆய்விலும் அதுதானே வழக்கம் என்று வாதாடினார். அமெரிக்க நாட்டுத் தீர்ப்புகளையும் எடுத்துக் காட்டினார். மேலுக்குப் பார்த்தால் இது மிக நியாயமான வாதம். எல்லோரும் நேரே டெல்லிக்கு ஓடி வந்தால் உயர்நீதிமன்றங்கள் எதற்கு?

1950 மே 26-ஆம் நாள் வந்த தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரியார். அவர் இரண்டு விதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். உயர்நீதிமன்றத்துக்கு 226-ஆவது விதி அளிப்பது ஓர் அதிகாரம். பல அதிகாரங்களுள் அதுவும் ஒன்று. 32-ஆவது விதியோ குடிமகனுக்கு அளிக்கப்பட்ட உத்தரவாதம். அடிப்படை உரிமைகளின் பட்டியலுக்குள்ளேயே அதுவும் ஓர் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. உரிமைகளைக் காக்கும் பொறுப்பை ஏற்ற மன்றம், வந்தவனைப் பார்த்து வேறு வாசலுக்குப் போ என்று சொன்னால், தன் பொறுப்பையே மறுத்ததாகும். இதுதான் அவர் தீர்ப்பின் சாரம். தடை நீங்கிற்று, வாயில் திறந்தது. உள்ளே சென்ற பின் தாப்பர் வென்றார். அரசைக் கவிழ்க்கும் ஆபத்து உள்ள இடத்தில் மட்டுமே பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அன்றைய அரசியலமைப்பு இடம் தந்திருந்தது. சென்னைச் சட்டமோ அதைவிட அகலமாக வலை விரித்தது. ஆகவே அது செல்லாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஃபஸல் அலி ஒருவர் மாறுபட்டார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து பொது ஒழுங்கு என்ற சொல்லைச் சேர்த்துவிட்டது. ஆயினும், வாயிலைப் பற்றி அவர் சொன்னதை அத்திருத்தம் தொடவில்லை.

அதே 1950-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் ரோம் நகரில் ஐரோப்பிய நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதுவே ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை. அதன்படி 1959-இல் பிரான்ஸ் நாட்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒரு சர்வதேச நீதிமன்றம் அமைந்தது. தன் நாட்டு அரசாங்கத்தின் மீதே ஒரு தனிமனிதன் அங்கே முறையிடலாம். அந்த மன்றத்தின் வாயிலில் கேட்கப்படும் கேள்விகளைப் பாருங்கள். முறையிடுபவனே பாதிக்கப்பட்டவனா? குற்றம் சாட்டப்படும் நாடு உடன்படிக்கையில் சேர்ந்ததா? சொந்த நாட்டின் நீதிமன்றங்கள் அனைத்தையும் நாடி முடித்துவிட்டானா? அங்கே இறுதித் தீர்ப்பு வந்து நான்கு மாதத்துக்குள் வந்தானா? பெயரை மறைக்காமல் வந்தானா? இதே புகார் முன்பே ஆராயப்பட்டதா? அடிப்படையே இல்லாத புகாரா? அவன் அடைந்த இழப்பு பொருட்படுத்தத் தக்கதா? காலக்கெடு முன்பு ஆறு மாதமாக இருந்தது. 2022 பிப்ரவரியிலிருந்து நான்காகச் சுருங்கிற்று. மிகத் தெளிவாகத் தள்ளத்தக்க மனுக்களை ஒரே நீதிபதி தள்ளிவிடலாம். அதற்கு மேல்முறையீடு இல்லை. வரும் மனுக்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வாயிலிலேயே திரும்பிவிடுகின்றன.

அப்படியானால், சென்னை அரசாங்கம் தாப்பரிடம் கேட்டதையே ஸ்ட்ராஸ்பர்க் மன்றமும் எல்லோரிடமும் கேட்கிறது! யார் செய்தது சரி? நண்பர்களே, இருவர் செய்ததும் சரி என்றே எனக்குப் படுகிறது. சர்வதேச மன்றம் உரிமைக்கு முதற் காவலன் அன்று. முதற் காவல் அந்தந்த நாட்டுடையது. வீட்டில் நடந்த தவற்றை வீட்டாரே திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்புத் தந்த பிறகுதான் அயலார் தலையிட வேண்டும். அதிலும், உள்நாட்டில் உள்ள வழி வெறும் பெயரளவில் இருந்தால், அதை நாடித் தீரவேண்டும் என்று ஸ்ட்ராஸ்பர்க் மன்றம் வற்புறுத்துவதில்லை. ஆனால், நம் உச்சநீதிமன்றம் அயலார் வீடா? உரிமையைக் காப்பேன் என்று வாக்களித்த வீடே அதுதானே! வாக்களித்தவன் யார் என்று பார்த்து, அதற்கேற்ப வாயிலை அளந்ததே சாஸ்திரியாரின் நுட்பம்.

வாயில் திறந்தால் வெற்றி நிச்சயம் என்று எவரும் எண்ண வேண்டா. தாப்பர் தீர்ப்புக்கு ஒரே வாரம் முன்பு, மே 19-இல், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் வழக்கில் தீர்ப்பு வந்தது. விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்ட அவரும் நேரே உச்சநீதிமன்றத்தை நாடியவரே. அவர் முறையீடு கேட்கப்பட்டது. ஆனால் அவர் தோற்றார். தடுப்புக்காவல் சட்டத்தைப் பெரும்பான்மையோர் ஏற்றனர். அவர்களுள் சாஸ்திரியாரும் ஒருவர். ஆயினும், காவலில் வைத்த காரணத்தை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்றிருந்த ஒரு பிரிவை எல்லா நீதிபதிகளும் சேர்ந்து வெட்டி எறிந்தனர். நீதிமன்றத்தின் கண்ணைக் கட்டும் பிரிவு அல்லவா அது! கோபாலன் வழக்கில் கொண்ட குறுகிய பார்வையைப் பிற்கால நீதிபதிகள் 1970-இலும் 1978-இலும் கைவிட்டனர். அடிப்படை உரிமைகளையும் நாடாளுமன்றம் திருத்தலாம் என்று 1951 அக்டோபரில் சாஸ்திரியார் எழுதிய தீர்ப்பும் பின்னர்ப் பெரிய விவாதங்களுக்கு உள்ளாயிற்று. எழுதிய சட்டத்தை மீறாத அந்த வரி வழக்கறிஞரை இங்கெல்லாம் காண்கிறோம்.

1951 நவம்பரில் தலைமை நீதிபதி கானியா மறைந்தார். அம்மாதம் 7-ஆம் நாள் சாஸ்திரியார் அப்பதவியை ஏற்றார். முதல் பொதுத் தேர்தல் நடந்துகொண்டிருந்த காலம் அது. நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்பு மனுவைத் தேர்தல் அதிகாரி தள்ளிவிட்டார். அவர் நீதிமன்றத்தை நாடினார். சாஸ்திரியார் தலைமையில் அமர்ந்த மன்றம் 1952 ஜனவரியில் சொன்ன விடை: இப்போது அன்று, தேர்தல் முடிந்த பின் தேர்தல் மனுவாகக் கொண்டு வா. ஆக, பிந்தி வந்தவனை மட்டும் வாயில் தடுப்பதில்லை. முந்தி வந்தவனையும் தடுக்கும்.

அதே ஆண்டு மார்ச்சு 31-இல், சென்னையில் மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்ட விரோதம் என்று அறிவித்த அரசாங்க ஆணையை எதிர்த்த வி. ஜி. ராவ் வழக்கில் சாஸ்திரியார் தீர்ப்பு எழுதினார். உரிமையின் தன்மை என்ன, கட்டுப்பாட்டின் நோக்கம் என்ன, தீமை எவ்வளவு பெரிது, அதற்குத் தரும் மருந்து அளவுக்கு மிஞ்சியதா, காலச் சூழ்நிலை எப்படி என்று கட்டுப்பாட்டை எடைபோடும் முறையை வகுத்துத் தந்தார். சங்கம் வைத்து நடத்தும் நமக்கு இது நெருக்கமான தீர்ப்பு. அரசாங்கம் தோற்றது.

இனி நான் சொல்லப்போவது அவருடைய இன்னொரு முகம். காக்கிநாடா அப்போது சென்னை ராஜ்யத்தில் இருந்தது. நம் சித்தூரும் அப்படியே. 1952-இல் காக்கிநாடாவில் நடந்த இடைத்தேர்தலில் தனித்தொகுதி உறுப்பினராகச் சாகா வெங்கட ராவ் வென்றார். 1942-இல் அவருக்கு விதிக்கப்பட்ட சிறைத்தண்டனையைக் காட்டி, அவர் உறுப்பினராக இருக்கத் தகுதியுடையவரா என்ற கேள்வி தேர்தல் கமிஷனுக்குப் போயிற்று. அவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் முறையிட்டு, கமிஷன் விசாரிக்கக் கூடாது என்ற தடையைப் பெற்றார். வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. 1953 பிப்ரவரியில் சாஸ்திரியார் எழுதிய தீர்ப்பு இது: தேர்தல் கமிஷன் இருப்பது டெல்லியில், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணை தன் எல்லைக்குள் இருப்பவரையே கட்டும், ஆகவே அந்தத் தடை செல்லாது. தேர்தலுக்கு முன்பே இருந்த தகுதிக்குறைவை விசாரிக்கக் கமிஷனுக்கு அதிகாரம் இல்லை என்றும் அதே தீர்ப்பு கூறிற்று. அதாவது, நியாயம் வெங்கட ராவ் பக்கம் இருந்தது. அவர் தட்டிய கதவுதான் தவறு!

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். மத்திய அரசாங்கத்தின் ஆணை ஒன்று சித்தூரில் ஒருவனைப் பாதிக்கிறது. சித்தூரிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் அளவில் உள்ள சென்னை உயர்நீதிமன்றம் அவனுக்கு உதவாது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், டெல்லியின் மீது அதிகாரம் கொண்டிருந்த பஞ்சாப் உயர்நீதிமன்றத்தையே அவன் நாட வேண்டும். இந்தக் கஷ்டம் வழக்கிலேயே எடுத்துச் சொல்லப்பட்டது. சட்டத்தின் சொல் அதற்கு இடந்தரவில்லை என்று சாஸ்திரியார் கருதினார். 1950-இல் அகலத் திறந்த அதே கை, 1953-இல் ஒரு பக்கக் கதவைச் சாத்திற்று. பத்தாண்டுகள் கழித்து, 1963-இல், பதினைந்தாவது திருத்தத்தின் மூலம் நாடாளுமன்றம் அதைத் திறந்தது. பாதிப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்குள்ள உயர்நீதிமன்றமும் ஆணை பிறப்பிக்கலாம் என்றாயிற்று.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். சித்தூரில் எங்கள் பெரியப்பா ஒருவர் இருந்தார். ஓய்வூதியத்தில் நேர்ந்த ஒரு குறைக்காக ஓர் அலுவலகத்துக்குப் பல ஆண்டுகள் மனு எழுதினார். ஒவ்வொரு மனுவுக்கும் பதில் வரும் என்று நம்பிக் காத்திருந்தார். ஈற்றில் வழக்குத் தொடுத்தபோது, காலம் கடந்துவிட்டது என்று மனு திரும்பிற்று. தோற்றுப்போனேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. என் வழக்கை யாருமே கேட்கவில்லை என்றுதான் கடைசி வரையில் சொல்லிக்கொண்டிருந்தார். தோற்றவனுக்கு ஒரு விடை கிடைக்கிறது. வாயிலில் திரும்பியவனுக்கு அதுவும் கிடைப்பதில்லை.

1954 ஜனவரி 3-இல் சாஸ்திரியார் ஓய்வு பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்தார். தந்தையார் வழி வந்த வடமொழிப் பற்று முதுமையில் அவரைத் திருப்பதிக்கு இழுத்து வந்தது. மத்திய சமஸ்கிருத வாரியத்துக்குத் தலைமை வகித்த அவர், திருப்பதியில் அமைந்த கேந்திரிய சமஸ்கிருத வித்யாபீடத்தின் நிர்வாகச் சங்கத்துக்கும் முதல் தலைவரானார். 1962 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதற்கு அடிக்கல் நாட்டினார். அவ்வித்யாபீடம் 1987-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும், 2020-இல் மத்திய பல்கலைக்கழகமாகவும் உயர்ந்து, இன்று தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு நம் கண்முன் நிற்கிறது. அதன் வாசலை நாள்தோறும் கடந்துசெல்லும் நம்மில் எத்தனை பேருக்கு இப்பெயர் தெரியும்? 1963 மார்ச் 16-ஆம் நாள் சாஸ்திரியார் காலமானார். உயர்நீதிமன்றங்களின் கதவைத் திறந்த அந்தத் திருத்தம் அதே ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதைக் காண அவர் இல்லை.

அவர் திறந்த வாயில் இன்று எப்படி இருக்கிறது? உயர்நீதிமன்றத்தில் வாதாடித் தோற்றவன் அதே விஷயத்துக்காக 32-ஆவது விதியின் கீழ் மறுபடி வரக்கூடாது என்று 1961-இல் தீர்ப்பாயிற்று. மிகத் தாமதமாக வந்தவனைத் தள்ளலாம் என்று 1968-இல் தீர்ப்பாயிற்று. 1987-இல் ஒரு வழக்கில், குவிந்து கிடக்கும் வேலையைக் காட்டி, முதலில் உயர்நீதிமன்றத்துக்குப் போகுமாறு உச்சநீதிமன்றமே சொல்லிற்று. இன்றும் பல மனுக்கள் அவ்வாறே திருப்பி அனுப்பப்படுகின்றன. தாப்பரிடம் சென்னை அரசாங்கம் சொன்ன வாதம் வேறு வழியாக உள்ளே வந்துவிட்டது எனலாம். மறுபுறம், 1970-களின் இறுதியிலிருந்து, தான் பாதிக்கப்படாவிட்டாலும் பிறர் பொருட்டு ஒருவர் வழக்குத் தொடுக்கலாம் என்ற வழியும் பிறந்தது. சிறைக்குள்ளிருந்து வந்த கடிதத்தையே மனுவாக ஏற்ற காலமும் உண்டு.

வழக்குகள் மலைபோல் குவிந்திருக்கும்போது வாயிற்காவலே வேண்டா என்று நான் சொல்லவில்லை. ஆனால், நமக்கு இந்த வாயில் ஏன் மிக முக்கியம் என்பதை மறக்கக் கூடாது. ஐரோப்பியனுக்கு ஸ்ட்ராஸ்பர்க் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்து நாடுகள் பலவற்றுக்குக் கோஸ்டாரிகாவில் ஒரு மன்றம் உண்டு. ஆப்பிரிக்காவுக்கு அருஷா நகரில் ஒன்று உண்டு. ஆசியாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் தனிமனிதர் முறையிட வழிவகுக்கும் ஒப்பந்தத்திலும் இந்தியா சேரவில்லை. நம் நாட்டு நீதிமன்றத்தின் கதவு மூடினால், தட்டுவதற்கு அதற்கு அப்பால் நமக்கு வேறு கதவே கிடையாது.

ஆகவே, சட்டம் பயிலும் தோழர்களே, தீர்ப்புகளைப் படிக்கும்போது கடைசிப் பக்கத்தைப் புரட்டி யார் வென்றார் என்று மட்டும் பார்க்காதீர்கள். பூர்வாங்க ஆட்சேபணை என்ற தலைப்பில் முதற் பக்கங்களில் நடக்கும் போராட்டத்தையும் பாருங்கள். சட்டம் பயிலாத தோழர்களே, உங்களுக்கும் ஒரு சொல்: வீட்டிலே, ஊரிலே, எவர்க்கேனும் அநீதி நேர்ந்தால், மனு எழுதிவிட்டுப் பதிலுக்காகக் காலமெல்லாம் காத்திருக்க விடாதீர்கள். எந்த மன்றம், எத்தனை நாள், யார் பெயரில் என்ற மூன்றையும் அன்றே கேட்டறியுங்கள். சாஸ்திரியார் திறந்து வைத்த வாயில் அவர்களுக்கும் உரியது.